பேர் பதியாத குரல்

"உங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லையா அக்கா?"

காலையில் போட்ட வீடியோவின் கீழே அந்தக் கேள்வி கிடந்தது. சாந்தாமணி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அதை இரண்டு முறை படித்தாள். ஜாக்கெட் கழுத்துப் பட்டியைச் சுருங்காமல் தைப்பது எப்படி என்று பதினேழு நிமிடம் சொல்லிக்கொடுத்த வீடியோ. பட்டியைப் பற்றி நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். மகளைப் பற்றி ஒருத்தி. மூன்று வருடத்தில் எந்த வீடியோவிலும் சாந்தாமணி மகளைக் காட்டியதில்லை.

எழுதியவள் பெயர் ஷாகிதா பானு என்று இருந்தது.

"யாரம்மா நீங்க? எம் மகளை எங்க பார்த்தீங்க?" என்று தட்டினாள்.

பதில் தனிச்செய்தியாக வந்தது.

"தப்பாக நினைக்க வேண்டாம் அக்கா. எனக்குப் பள்ளபட்டி. வீட்டிலேயே துணி தைக்கிறேன். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. உங்கள் பேச்சை உதட்டில் படித்துத்தான் வீடியோ பார்ப்பேன். உங்களுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, அதன் ஓரத்தில் உங்கள் மகள் தெரிவாள்."

சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக் காட்ட வைத்த கண்ணாடி. கேமராவும் விளக்கும் அதில் விழக் கூடாது என்று, ஸ்டுடியோ போட்டுக் கொடுத்த லோகநாதன் அதை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நிறுத்தியிருந்தான். சாய்த்ததில் எந்த மூலை விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அந்த மூலையில்தான் மகள் நித்திலாவின் நாற்காலி.

அடுத்த செய்தி வந்தது.

"ஒவ்வொரு வீடியோவிலும் அவள் உங்களிடம் கேட்பாள். இரண்டு மாதமாகக் கேட்பதில்லை. வாயை மூடிக்கொண்டே இருக்கிறாள். அதனால்தான் உடம்புக்கு ஏதாவதோ என்று நினைத்தேன்."

"என்ன கேட்பா?"

"நீங்கள் நூலை வெட்டிவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்ததும் கேட்பாள். போலாமா என்று."

சாந்தாமணி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு எழுதினாள். "அது பேசாதுங்க. பொறந்ததிலிருந்தே பேச்சு இல்லை. சும்மா வாயை அசைச்சிருக்கும்."

"சும்மா அசைகிற வாய் எனக்குத் தெரியும் அக்கா. இருபத்தெட்டு வருடமாக வாய்களைப் பார்த்துத்தான் இருக்கிறேன். முதலில் போமா, போமா என்றுதான் வந்தது. ஒரு வருடத்தில் சுத்தமாக வந்துவிட்டது. போலாமா."

நித்திலா அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் வெட்டிய துணித் துண்டுகள். சிவப்பு தனி, பச்சை தனி என்று பிரித்து வைப்பாள். பிரித்து முடிந்ததும் கொட்டிக் கலந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

சாந்தாமணி போன வருடத்து வீடியோ ஒன்றைத் திறந்து, விரலால் கண்ணாடி ஓரத்தைப் பெரிதாக்கினாள். கத்திரியைக் கீழே வைத்தாள், வீடியோவுக்குள் இருந்த சாந்தாமணி. கண்ணாடிக்குள் ஒரு சின்ன முகம் நிமிர்ந்தது. உதடு குவிந்தது. விரிந்தது. சேர்ந்து பிரிந்தது.

இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் இருந்தது.

இந்த ஸ்டுடியோ சாமானெல்லாம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், தினமும் சாயங்காலம் தையலை முடித்துவிட்டு அவள் வாசலில் நின்று சொல்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். "போலாமா?" இருவரும் ரயில்வே கேட் வரைக்கும் நடப்பார்கள். கோயமுத்தூர் வண்டி போனதும் திரும்புவார்கள். ஸ்டுடியோ வந்த பிறகு அந்த நேரம் வீடியோவை வெட்டி ஒட்டுகிற நேரமாகிவிட்டது.

அவள் லோகநாதனைப் போனில் கூப்பிட்டாள்.

"லோகு, இன்னிக்கு வர முடியுமா?"

"விளக்கு ஏதும் போயிருச்சுங்களாக்கா?"

"விளக்கெல்லாம் எரியுது. வாங்க, நேர்ல சொல்றேன்."

மத்தியானம் வந்தான். திருப்பூரில் வீட்டுக்கு வீடு ஸ்டுடியோ போட்டுக் கொடுக்கிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து எட்டு மூலையையும் பார்த்துவிட்டான். ஹாலில் நாலு, படுக்கையறையில் ரெண்டு, சமையல்கட்டில் ரெண்டு. ஒவ்வொன்றும் ஒரு அப்பளம் அளவுக்கு வெள்ளைத் தட்டு. அவன் அவற்றைக் காது என்றுதான் சொல்வான். எட்டுக் காதையும் கட்டி ஆளுகிற பெட்டிக்கு ஓசைவடி என்று பெயர்.

"எல்லாம் நல்லாத்தான இருக்குதுங்க. தூசி கூட இல்லை. பாப்பா, நல்லாருக்கியா சாமி?"

நித்திலா அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூடைக்குள் குனிந்துகொண்டாள்.

"லோகு, ஒண்ணு கேக்கோணும். இந்த ஓசைவடி வீடியோவுல வர்ற சத்தத்தத்தான அழிக்குது?"

"அது பழைய மாடலுங்க. இது காத்துலயே அழிக்குது. கீழ பன்னண்டு நிட்டிங் மிஷின் ஓடுது. உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"இல்லை."

"அதுதானுங்க விசயம். வர்ற சத்தத்துக்குச் சரிக்குச் சரியா எதிர்ச்சத்தம் ஒண்ணு விடும். ரெண்டும் மோதி ஒண்ணுமில்லாமப் போயிரும். வீட்டுக்குள்ள ஊரே இருக்காதுன்னு விளம்பரத்துல போட்டான் பாருங்க, சும்மா இல்லை. மத்தவங்க ஷூட்டிங் நேரத்துக்கு மட்டும் போடுவாங்க. நீங்க அணைக்கறதே இல்லைன்னு கம்பெனிக்காரனே கேட்டான், அந்தக்கா வீட்ல என்னங்க பண்றாங்கன்னு."

"அணைச்சா யாரால இருக்க முடியும்? சரி. எந்தச் சத்தத்த எடுக்கோணும், எத விடோணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மறந்துட்டீங்களாக்கா? அன்னிக்குப் பேர் கொடுத்தமே. கேக்க வேண்டிய சத்தம் ஒவ்வொண்ணா பெட்டிக்கு முன்னால மூணு தரம் கேக்க வெச்சு, பேர் போட்டுப் பதிஞ்சமே. பதிஞ்சதை விட்ரும். பதியாத எதுவும் இந்த வீட்ல நிக்காது."

"என்னென்ன பதிஞ்சோம்?"

லோகநாதன் கையிலிருந்த டேப்லட்டைத் தடவினான். "உங்க குரல். சரிபாக்க வந்தாப் பேசோணும்னு என்ற குரல். தையல் மிஷின். கத்திரி, அதைப் பதியறதுக்கு அரை மீட்டர் துணிய வீணாக்குனமுங்க. அயர்ன் பாக்ஸ். குக்கர் விசில். காலிங் பெல். போன். டேப் தண்ணி. மொத்தம் ஒம்பதுங்க."

சொல்லி முடித்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. மூலை நாற்காலியைப் பார்த்தான்.

"பாப்பா?" என்றாள் சாந்தாமணி.

"இல்லீங்க."

"ஏன் இல்லை?"

"நான் கேட்டனுங்கக்கா." அவன் டேப்லட்டை மூடினான். "பாப்பா குரலையும் சேத்தரலாங்களான்னு கேட்டேன். அது பேசாது, விடுங்க லோகுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சாந்தாமணிக்கு நினைவு வந்தது. தன் குரலில் இருந்த அவசரம்கூட நினைவு வந்தது.

"அன்னிக்கெல்லாம் அது ம்ம்ம்னு இழுத்துட்டே இருக்கும்" என்றாள். "காலைல எந்திரிச்சதிலிருந்து தூங்குற வரைக்கும். முதல் நாலு வீடியோவுக்குக் கீழ எழுதுனாங்க, ஏங்க்கா, பின்னால மாட்டுக்கு உடம்பு சரியில்லையான்னு. அத நான் படிச்சிட்டு என்ன செய்ய லோகு? அழிக்கத்தான் செஞ்சேன்."

"வீடியோவுல வேண்டாம்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். காத்துலயும் போயிரும்னு நானாவது புரிய வெச்சிருக்கோணும். அன்னிக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருந்துது."

"ரெண்டு வீடா?"

"ஆமாங்க. அவசரத்துல இருந்தேன்."

அவன் மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று சாந்தாமணி தேடினாள். கிடைத்தது, ஆனால் கொஞ்சம்தான் கிடைத்தது.

"நீங்க கவனிக்கலீங்களா?" என்றான் அவன் தயங்கித் தயங்கி. "பாப்பா சத்தம் நின்னதை."

"கவனிக்காம இருப்பனா? அந்த மாசந்தான் டாக்டர் புது மாத்திரை எழுதினார். மாத்திரைதான் வேலை செய்யுதுன்னு நெனச்சேன். அழுவற மாதிரி வாயத் தொறக்கும், சத்தம் வராது. டாக்டர்கிட்டச் சொன்னா, கூட்டிட்டு வா பாக்கறேன்னாரு. அங்க போனா பயத்துல வாயே தொறக்காது. சரி, வயசு வருது, புள்ள அடங்கிருச்சுன்னு." அவள் நிறுத்தினாள். "மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சேன் லோகு. எம் புள்ள அமைதியாயிருச்சுன்னு பொங்கல் வெச்சு எல்லாருக்கும் கொடுத்தேன். உங்க வீட்டுக்குக் கூடக் கொடுத்து விட்டேன்."

"சாப்ட்டமுங்க" என்றான் அவன், தரையைப் பார்த்து.

அவள் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். கண்ணாடி ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். லோகநாதன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான்.

"பேசுதுங்க" என்றான்.

"பேச்சே வராதுன்னு நாலு டாக்டர் சொன்னாங்க. எப்படி வந்துச்சு?"

"எனக்கு என்ன தெரியுமுங்க, நான் ஒயர் இழுக்கறவன். ஆனா ஒண்ணு தோணுது. பொறந்ததிலிருந்து கீழ மிஷின் ஓடுற வீட்ல வளந்த புள்ள. அந்த இரைச்சல்ல உங்க வார்த்தை எதும் அதுக்குத் தனியா உழுந்திருக்காது. ஓசைவடி போட்டப்புறந்தான் இந்த வீட்ல உங்க குரல் மட்டும் தனியா நின்னுச்சு. கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும்."

"அப்ப இதுதான் பேசக் கத்துக் கொடுத்துதா?"

 அவன் ஆமென்பதுபோல் தலையை லேசாக அசைத்தான்.

"அது பேசறது அதுக்காவது கேட்டிருக்குமா?"

"எலும்பு வழியா உள்ளுக்குள்ள கொஞ்சம் கேக்குமுங்க. கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி. வெளிய வந்தது எதும் மிஞ்சாது."

"எதிர்ச்சத்தம் விட்டு அழிச்சதெல்லாம் பெட்டிக்குள்ள எங்கயாச்சும் இருக்குமா? ஒரே ஒரு தரம் கேட்டா போதும்."

"இல்லீங்கக்கா. அது எதையும் எடுத்து வெக்கறதில்லை. மோதுன இடத்துலயே முடிஞ்சு போச்சு."

சாந்தாமணி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். டேப் தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பேர் கொடுத்திருந்தார்கள்.

"இப்பப் பதியலாமா?"

"பதியலாங்க. இந்தப் பச்சை விளக்கைப் பாருங்க. பதியறதுக்கு வெச்சிட்டா, எவ்வளவு சின்னக் குரல் வந்தாலும் இது எரியும். அழிக்கறதுக்கு முன்னாடி பெட்டி கேட்டுரும். மூணு தரம் எரிஞ்சாப் போதும். பொறவு ஆயுசுக்கும் அழிக்காது."

நித்திலாவைக் கைப்பிடித்து அழைத்துவந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். லோகநாதன் பட்டனை அழுத்தினான்.

"சொல்லு கண்ணு. போலாமா. சொல்லு பாக்கலாம்."

நித்திலா பெட்டியைப் பார்த்தாள். லோகநாதனைப் பார்த்தாள்.

"அம்மாவப் பாத்துச் சொல்லு. போலாமா? ரயில் பாக்கப் போலாமா?"

நித்திலாவின் உதடுகள் அசைந்தன.

"சொல்லுது லோகு, சொல்லுது பாருங்க."

"விளக்கு எரியலீங்களே."

"இப்பத்தான் சொன்னுது, நான் பாத்தேன்."

"வாய் அசைஞ்சுதுங்க. நானும் பாத்தேன்." அவன் பெட்டியை லேசாகத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. "தட்டுன சத்தத்துக்கு எரியுது பாருங்க. பாப்பா குரல் விடலீங்க. உதடு மட்டுந்தான்."

நாலைந்து முறை முயன்றார்கள். உதடு அசையும். விளக்கு எரியாது. சாந்தாமணி மகளின் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். துணிக்கடியில் தையல் மிஷின் அதிர்வதைத் தொட்டே கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. அங்கே ஒரு அதிர்வும் இல்லை.

"இதை அணைங்க லோகு."

"அக்கா, கீழ மிஷின்..."

"அணைங்க. இதுதான அழிக்குது? இது இல்லாமச் சொல்லட்டும்."

அணைத்தான். பன்னிரண்டு மிஷினும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வந்தன. தரை வழியாக, சுவர் வழியாக, ஜன்னல் கண்ணாடி வழியாக. மூன்று வருடம் வெளியே நின்றது முழுவதும் உள்ளே புகுந்தது. நித்திலா கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெட்டும் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டாள். வாயை அகலத் திறந்து அழுதாள். சாந்தாமணி மேசைக்கடியில் தலையை நுழைத்து அந்த வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தாள். மிஷின் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அழுகையில் குரல் இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"போட்ருங்க" என்று கத்தினாள். "போட்ருங்க லோகு."

வீடு மறுபடி ஒன்றுமில்லாமல் ஆயிற்று. வண்ணத் துண்டுகள் தரை முழுக்கக் கிடந்தன.

"காது பழக்கம் போயிருச்சுங்க" என்றான் லோகநாதன், துண்டுகளைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டே. "போட்டாலும் கேக்காது, அணைச்சாலும் கேக்காது. இந்த வீட்ல வேண்டாமுங்க. சத்தமே இல்லாத இடமாக் கூட்டிட்டுப் போகோணும். அவிநாசி ரோட்டத் தாண்டி உள்ள ஒரு காடு சைட்டு போட்டுக் கெடக்குது. ஒரு வீடும் எந்திரிக்கல. வாங்க, வண்டியில கொண்டுபோய் விடறேன்."

சாந்தாமணி நித்திலாவின் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினாள். வாசலில் நின்றாள்.

"போலாமா?" என்றாள்.

எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. நித்திலா உடனே எழுந்து வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இடது வலது மாறிப் போட்டிருந்தாள்.

அந்த இடத்தில் கல் நட்டுப் பிரித்த மனைகளும் சோளத்தட்டை காய்ந்த வாடையும்தான் இருந்தன. லோகநாதன் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திக்கொண்டான். சாந்தாமணி துண்டை அவிழ்த்தாள். நித்திலா முகத்தை நாலு பக்கமும் திருப்பினாள். ஏதோ ஒரு குருவி கத்தியது, அந்தப் பக்கம் திரும்பினாள். இருவரும் ஒரு எல்லைக்கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இங்க யாருமில்லை கண்ணு. சொல்லு."

நித்திலாவின் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

"என்ன சொல்றே சாமி? அம்மாவுக்குத் தெரியல."

மறுபடி அசைந்தன. உற்றுப் பார்த்தபோது சாந்தாமணிக்குச் சந்தேகம் வந்தது. வீடியோவில் பார்த்த அசைவு மாதிரி இல்லை. இது நீளமாக இருந்தது.

அவள் போனை எடுத்து ஷாகிதா பானுவை வீடியோவில் அழைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கழுத்தில் அளவு டேப்போடு ஒரு பெண் திரையில் வந்தாள். ஏற்ற இறக்கமில்லாத, கொஞ்சம் உரத்த குரலில் பேசினாள்.

"அக்கா. முகத்தை வெளிச்சத்துல காட்டுங்க. மெல்லமாப் பேசுங்க. எனக்கு விளங்கும்."

"என்ற பொண்ணு ஏதோ சொல்லுதுங்க. குரல் வரல. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

"காட்டுங்க."

சாந்தாமணி போனைத் திருப்பி நித்திலாவுக்கு நேராகப் பிடித்தாள். "சொல்லு கண்ணு. இப்பச் சொல்லு."

நித்திலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது, நின்றது, அசைந்தது.

சாந்தாமணி தன் வாயும் தெரியும்படி போனுக்கு முன்னால் எட்டிச் சாய்ந்தாள்.

"தெரியலீங்களா?"

"தெரியுதுக்கா." ஷாகிதா சொன்னாள். "போலாமா இல்லை. வேற."

"என்னது?"

"அக்கா, நீங்க வீடியோ எடுக்கிறதுக்கு முன்னால புள்ளைக்கிட்ட எதும் சொல்லுவீங்களா?"

"என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க மொதல்ல."

"சத்தம் போடலம்மா." ஷாகிதா நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "சத்தம் போடலம்மா. அதேதான் திருப்பித் திருப்பிச் சொல்லுது. சத்தம் போடலம்மா."

கேமராவைப் போடுமுன் ஒவ்வொரு முறையும் சாந்தாமணி சொல்வது, சத்தம் போடாதே கண்ணு என்பதுதான். அவள் கையில் போன் இன்னும் மகளுக்கு நேராகத்தான் இருந்தது. போனுக்குப் பின்னால் நித்திலா அசையாமல், முதுகு நேராக, கேமரா முன்னால் எப்படி உட்கார வேண்டுமென்று பழகியிருந்தாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள்.

போனைக் கீழே வைத்தால் அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாது. வைக்காவிட்டால் அவள் குரல் வராது.

"அக்கா" என்றாள் ஷாகிதா. "அக்கா, திருப்புங்க, உங்க வாய் தெரியல."

சாந்தாமணி போனை அணைத்துக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"போடு கண்ணு" என்றாள். "எவ்வளவு வேணுமோ போடு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அம்மா இங்கேயே உக்காந்திருக்கேன்."

நித்திலா அந்த வெறும் கைகளைப் பார்த்தாள். எழுந்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு நடந்து, அவள் முதுகுக்குப் பின்னால் தரையிலும் கல்லுக்கு அந்தப் பக்கமும் வேறு கேமரா ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, பழையபடி உட்கார்ந்தாள்.